இருபத்துமூன்றாம் படத்தை எடுத்தது யார்?

பிப்ரவரி 11, 2019

என் வழிகாட்டி டொக்டோரா இன்சுவாஸ்தி இன்று மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. படங்களுக்குக் கீழேதான் சிவப்பு மை. இங்கே பாஸ்தோ நகரப் பல்கலைக்கழகத்தில் எல்லாருடைய ஆய்வேட்டிலும் இருக்கும் வரியைத்தான் நானும் போட்டிருந்தேன்: "ஆதாரம்: சொந்தத் தயாரிப்பு." அட்டவணைக்குப் போட்டேன், வரைபடத்துக்குப் போட்டேன், கை போன போக்கில் இருபத்துமூன்றாம் படத்துக்கும் போட்டுவிட்டேன்.

"மிரெயா, இது 1974ல எடுத்த போட்டோ. பொறக்கறதுக்கு முன்னாடியே கேமராவத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்களா?"

ஃபேஸ்புக்கில் கிடைத்தது என்றேன்.

"ஓ. ஃபேஸ்புக் எந்தப் பக்கமா நின்னு எடுத்துச்சு?"

எடுத்தவர் பெயரும் அனுமதியும் வேண்டுமாம். இல்லையென்றால் படத்தை நீக்க வேண்டும்.

நீக்கினால்? ஜனவரித் திருவிழா வண்டிகளின் ராட்சத பொம்மைகளைப் பெண்களும் செய்தார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வண்டிகளில் எழுதியிருப்பதெல்லாம் ஆண்களின் பெயர்கள். படத்திலோ ஐந்து பெண்கள், முழங்கை வரை காகிதக் கூழ். அது போனால் அத்தியாயமே போச்சு.

பிப்ரவரி 12

சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 16

எங்கள் பேட்டையின் ஃபேஸ்புக் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டேன். "எங்க அப்பா எடுத்தது" என்றார் ஒருவர். "எங்க மாமா" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், தாத்தாவின் கேமரா இன்னும் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அதைப் படம் எடுத்தே அனுப்பினார் – டிஜிட்டல் கேமரா! சாயங்காலத்துக்குள் மூவருக்கும் குடுமிப்பிடிச் சண்டை.

தம்பி ஃப்ரேடிக்கு ஒரே சிரிப்பு. "படத்த மூணா கிழிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்துடு அக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 27

டொக்டோரா கேட்டார்: "முழுப் படமா இது? ஓரத்த வெட்டியிருந்தா, வெட்டினேன்னு எழுதணும்."

வெட்டித்தான் இருந்தேன். கீழே வெறும் தரை, அதில் கறுப்பாக ஏதோ கறை. அழகாக இல்லை என்று எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து முழுப் படத்தைத் திறந்தேன். கறை இல்லை, நிழல். படம் எடுத்தவரின் நிழல்.

"ருவானா போத்தின ஆம்பளையா இருக்கும்" என்றான் ஃப்ரேடி. ருவானாக் கம்பளி இடுப்போடு நிற்குமே! இது முழங்காலுக்கும் கீழே விரிந்து, அதன் கீழ் இரண்டு மெல்லிய கால்கள். பாவாடை!

அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. ஒரு பெண். இத்தனை நாளும் அவளை நானே அல்லவா வெட்டிப் போட்டிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஃப்ரேடியைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

மார்ச் 9

கேள்வியை மாற்றிக் கேட்டேன்: அந்தக் காலத்தில் நம் பேட்டையில் கேமரா வைத்திருந்த பெண் யார்? சண்டைக்காரர்கள் மூவரும் கப்சிப். ஒரு அம்மாள் மட்டும் எழுதினார்: "மருந்துக்கடை ஒலிவா ஹொஹோவா. இப்ப கத்தம்புகோவுல மக வீட்ல இருக்கா."

மார்ச் 17

போனேன். கதவைத் திறந்தவரே தோன்யா ஒலிவாதான் – வயதான அம்மாள்களை மரியாதையாக 'தோன்யா' என்போம். படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது எப்படி ஊர் சுத்துது? என் தங்கச்சி மவன் வேலையாத்தான் இருக்கும்."

உள்ளே போய் பிஸ்கட் டின்னோடு வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்தார். அதே ஐந்து பெண்கள், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும். கீழே நிழல்.

அனுமதி கேட்டேன். "மாட்டேன்" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"எம் பேரப் போடறேங்கறீங்க, சந்தோஷம். இவளுங்க பேரு? கையெல்லாம் வெந்து போச்சு இவளுங்களுக்கு, அந்தக் கூழக் காய்ச்சிக் காய்ச்சி. நான் பட்டன அமுக்கினதோட சரி. அஞ்சு பேர் பேரும் போட்டா படம் உங்களுது."

நான்கு பெயர்களை மளமளவென்று சொன்னார். நால்வரும் இப்போது இல்லை. ஐந்தாமவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். "அவ வேற பேட்டைலேருந்து வந்தவ. பேரு வாய்க்கு வரமாட்டேங்குது."

அப்புறம் கொதிக்கக் கொதிக்கக் காபி. குடிக்காமல் விடவில்லை.

ஏப்ரல் 3

ஐந்தாவது பெயர் இல்லை. இன்றும் இல்லை.

ஏப்ரல் 22

கிடைத்துவிட்டது! அவுரா துல்கான். அந்தப் பொம்மைகள் செய்த பட்டறைக்காரரின் மகன் சொன்னார். அவுரா எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, மகனுக்குத் தெரியவில்லை. எல்லாப் பெயர்களையும் குழுவில் போட்டு, ஆய்வேட்டுத் தேர்வுக்கு வரும்படி எல்லாரையும் அழைத்தேன். படத்துக்குக் கீழே இப்போது ஏழு வரி. டொக்டோரா ஒரு எழுத்தையும் தொடவில்லை.

ஜூன் 7

தேர்வாளர் ஒருவர் கேட்டார்: "ஒரே ஒரு படத்துக்கு இவ்வளவு நீளக் குறிப்பு வேணுமா?"

"படிச்சுக் காட்டுங்க மிரெயா, அவரே முடிவு பண்ணட்டும்" என்றார் டொக்டோரா.

படித்தேன். புகைப்படம்: ஒலிவா ஹொஹோவா, அவர் அனுமதியுடன். பிறகு பெண்களின் பெயர்கள். முதல் பெயரைச் சொன்னதுமே முன்வரிசையில் தோன்யா ஒலிவா எழுந்து, "இருக்கா!" என்றார் – செத்தவர் பெயரைக் கூப்பிடும்போது அவருக்குப் பதிலாக நாங்கள் குரல் கொடுப்போமே, அப்படி. நான்கு பெயருக்கும் அப்படியே.

"அவுரா துல்கான்."

தோன்யா ஒலிவா வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"இருக்கேம்மா" என்றார் ஒரு வயதான அம்மாள். "நான் இருக்கேன்."