விமானத்துக்குக் கேட்ட நிலம்

1959 மே 28

நாளை ஜமாபந்தி. நிலவரிக் கணக்குப் பார்க்கத் தாசில்தார் வருகிறார். ஊர் முழுக்க ஒரே பாட்டு: "மழ இல்ல, ஒண்ணும் வெளையல." வருஷா வருஷம் இப்படிச் சொன்னால்தான் தீர்வை தள்ளுபடி ஆகும். என் தம்பி சின்னப்பையன் மட்டும் முரண்டு பிடிக்கிறான். சர்க்கார் அவனுக்கு நிலம் கொடுத்து இதுதான் முதல் வெள்ளாமை. வேர்க்கடலை வீட்டு மூலையில் குவிந்து கிடக்கிறது.

"நல்லா வெளைஞ்சிகீது யக்கா. நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

"ஊரோட ஒத்துப் போடா. நீ ஒருத்தன் வெளைஞ்சிதுன்னு சொன்னா அத்தினி பேர் வாயிலயும் மண்ணு."

பொய் சொன்ன பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற டீச்சர் நான், பேசுகிற பேச்சா இது!

மே 29

ஒண்ணும் விளையவில்லை என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டான். குனிந்த தலை நிமிரவே இல்லை.

1960 பிப்ரவரி 9

தம்பி பெண்டாட்டி செங்கேணி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யக்கா, ஜீப்புல வந்து நம்ம கடலக் கொல்லிய அளந்துகினு கீறாங்க!"

அளந்து முடித்தவர்கள் தண்ணீர் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். பெரிய அதிகாரியை நானே கேட்டேன். பட்டணத்தில் விமானப் பிரயாணிகள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்களாம். ராத்திரியிலும் விமானம் வருகிறதாம். அங்கே இறங்க முடியாமல் போனால் இறங்க இன்னொரு ஓடுதளம் வேண்டும், அதற்கு இடம் பார்க்கச் சர்க்கார் அனுப்பியிருக்கிறது என்றார்.

"இந்த இடந்தானா சார் கிடைச்சுது?"

"தரிசுதானேம்மா? ஒண்ணும் விளையாத பூமின்னு தாலுகா ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களே."



பிப்ரவரி 10

அதிகாரி சொன்னதைத் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்ல?

மார்ச் 3

பள்ளிக்கூடத்தில் விசாரணை. சின்னப்பையன் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். பிஞ்சுகள் தொங்கின.

"பாருங்க சார். இதப் போயி தரிசுன்றீங்களே."

"போன ஜமாபந்தியில ஒண்ணும் விளையலேன்னு சொன்னது நீதானேப்பா? அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

அவன் என்னைப் பார்த்தான். ஐயோ, அந்தப் பார்வை! எழுந்து சொன்னேன்: "நான்தான் சார் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஊரே அப்படித்தான் சொல்லும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஊர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தள்ளுபடியான தீர்வையெல்லாம் திரும்பக் கட்ட வேண்டுமே! பெரிய நிலக்காரர் வேதகிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிலமும்தான் போகிறது, ஆனால் சொந்தப் பட்டா என்பதால் அவருக்கு நஷ்டஈடு உண்டு. சின்னப்பையனுக்குக் காலணா கிடையாது. சர்க்கார் கொடுத்த நிலத்தில் பயிர் வைக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனையாம். ஒண்ணும் விளையவில்லை என்று அவன் சொன்னதைத் தரிசு என்றே எழுதிவிட்டார்களாம்.

"உட்காருங்க டீச்சரம்மா, நிலம் உங்களுது இல்லையே" என்றார் அதிகாரி. உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்? இன்னும் நாலு வார்த்தை கத்தியிருந்தால் என் தலையையா வாங்கியிருப்பார்கள்?

மார்ச் 21

நிலத்தில் எல்லைக் கல் நட்டாகிவிட்டது. காய் முற்றுவதற்குள் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். செங்கேணி அழுதுகொண்டே பிடுங்கினாள். கூடப் போய் நானும் பிடுங்கினேன். சின்னப்பையன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பிடுங்கினான். திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை. கர்த்தரே, அன்றைக்கு என் நாக்கைக் கட்டிப் போட்டிருக்கக் கூடாதா?

ஜூலை 17

கோயிலில் ஞாயிறு ஆராதனைக்குத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

1961 நவம்பர் 6

ஓடுதளம் வரவில்லை! கணக்கைத் திரும்பப் பார்த்தார்களாம். எதிர்பார்த்த அளவுக்குப் பிரயாணிகள் கூடவில்லை, இருக்கிறதே இப்போதைக்குப் போதும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள்.

தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். நிலத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். "விமானத் துறைக்குப் போனது போனதுதாம்மா. பிற்காலத்துக்கு வேணும்னு வெச்சிருக்காங்க" என்றார் குமாஸ்தா. யார் வயிற்றிலடித்து யாருடைய பிற்காலம்? அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 28

நிலத்தைச் சுற்றிக் கம்பி போட்டுக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள். சின்னப்பையன் சேர்ந்துவிட்டான். "வேண்டாம்னு சொல்லுடி, அவன் மனசு என்ன பாடு படும்!" என்று செங்கேணியிடம் மன்றாடினேன்.

"மனசப் பாத்தா அடுப்பு எரியுமா யக்கா?" என்றாள்.

1962 பிப்ரவரி 4

செங்கேணிக்குக் காய்ச்சல். தம்பிக்குச் சோறு நான் எடுத்துப் போனேன். நிலம் முழுக்க முள்ளும் எருக்கும். அந்தக் கோடியில் காக்கிச் சட்டையில் நின்றிருந்தான். கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்தேன். அங்கிருந்தே ஓடி வந்தான்.

"உள்ள வராத யக்கா. யாரையும் உடக்கூடாது. பாத்துட்டா என் வேல பூடும்."

எத்தனை காலம் கழித்து 'யக்கா' என்கிறான்! காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். கம்பிக்கு மேலாகச் சோற்றுத் தூக்கை நீட்டினேன், வாங்கிக்கொண்டான்.