கதவோர பெஞ்சு

இயேசு மரி சூசை

அருவங்காடு,
நவம்பர் 18, செவ்வாய்

அன்பு மகள் ஈவ்லினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. நீ அங்கே சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் எல்லாரும் கேட்பார்கள், பதிலை எதிர்பார்த்தா கேட்கிறார்கள். நான் இந்த முறை பதிலைத் தெரிந்துகொண்டே கேட்கிறேன் கண்ணு. நீ எட்டு மாதமாக சுரேஷோடு இல்லை என்பதும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா உனக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை, அதாவது என்னிடம் வாயால் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன், படித்ததும் அவள் மேல் கோபப்படாதே, கோபம் முழுக்க எனக்கே அனுப்பிவிடு. போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் அப்பன் என்ன பேசுவான் என்று உனக்குத் தெரியாதா, சாப்பிட்டியா, டியூட்டி முடிஞ்சுதா, குளிரா இருக்கா, இந்தா அம்மாகிட்ட பேசு, அவ்வளவுதானே. மூன்று வாரமாக எழுதிக் கிழித்து இது நான்காவது தாள். இதற்குள் பாடகர் குழு வாட்ஸ்அப்பில் யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் அதற்கும் நானே பொறுப்பு.

போன மாதக் கடைசி ஞாயிறு. கடைசி ஞாயிற்றில் பூசைக்கு முன்னால் வேண்டுதல் கருத்துகளை வாசிப்பது இளைஞர்கள் முறை என்று உனக்குத் தெரியும். நன்றிக்கு, நோய்க்கு, பரீட்சைக்கு, இறந்தவர்களுக்கு என்று ஜனங்கள் எழுதிப் பெட்டியில் போடுகிற சீட்டுகளை அந்த ஒரு நாள் மட்டும் நான் தொடமாட்டேன். அதை நம்பித்தான் உன் அம்மா அந்த வாரம் பார்த்து ஒரு சீட்டு போட்டிருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து, வாசிக்க வேண்டிய பெண் வருகிற பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. சாமியார் என்னைப் பார்த்தார், நானும் பெரிய மனுஷன் மாதிரி எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், சீட்டை முன்னால் படித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. ஏழோ எட்டோ வாசித்த பிறகு தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதின ஒன்று வந்தது. அயர்லாந்து நாட்டில் கணவரைப் பிரிந்து எட்டு மாதமாகத் தனியே வாழும் மகள் ஈவ்லின், சுரேஷோடு மீண்டும் ஒன்று சேர்ந்து வாழ வேண்டி, அருவங்காட்டிலிருந்து ஒரு தாய். பெயரை மட்டும் எழுதியிருந்தால் நூறு ஈவ்லின் இருக்கிறார்கள், ஒருத்தரும் திரும்பியிருக்கமாட்டார்கள். உன் அம்மாவுக்குத்தான் முழு விலாசம் எழுதாவிட்டால் கடவுளுக்கே போய்ச் சேராது என்று நினைப்பாயிற்றே. அயர்லாந்து என்ற சொல்லிலேயே கையெழுத்து எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். இருமியிருக்கலாம், அடுத்த சீட்டுக்குத் தாண்டியிருக்கலாம். பாக்டரி ஸ்டோரில் முப்பத்து நான்கு வருஷம் எழுதினதை எழுதினபடி உரக்கப் படித்துப் பழகின நாக்கு, நான் நில் என்று சொல்வதற்குள் அது கடைசிவரை படித்து முடித்துவிட்டது. என் மகளின் கஷ்டத்தை ஊருக்குச் சொன்னவனும் நான்தான், அந்த ஊரோடு சேர்ந்து முதல்தடவை அதைக் கேட்டவனும் நான்தான்.

அதற்கு அப்புறம் மூன்று சீட்டு இருந்ததாம், அவற்றையும் வாசித்தேனாம், எனக்கு நினைவில்லை. வருகைப் பாடல் ஆரம்பித்தது. உன் அம்மா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக் குனிந்திருந்தாள். பீடத்துக்கு நன்மை அப்பம் வாங்க நான் போகவில்லை, அவ்வளவு கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது. வெளியே வந்தால் எல்லாருக்கும் திடீரென்று என் மேல் அன்பு. ஏனுங்க, பாப்பாவுக்கு என்னாச்சுங்க என்று ஒருத்தர், நாங்க ஜெபிக்கிறோமுங்க என்று நாலு பேர். ஜெபிக்கிறோம் என்று சொல்லும்போது மனுஷர் முகத்தில் எத்தனை விதமான ஆசை தெரியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் எத்தனை பேரிடம் அப்படி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன் என்று அப்போது தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினதைப் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவே பால் வாங்குகிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் கத்தினது உனக்காக இல்லை கண்ணு, அதைத்தான் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். மானம் போச்சு என்றுதான் கத்தினேன். பெத்த அப்பனுக்குத் தெரியாம என்னடி ரகசியம் என்று கேட்டேன். உன் அம்மா முதலில் அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, அவன் மூணு தடவை கை நீட்டியிருக்கானுங்க, மூணாவது தடவை அவ காது ரெண்டு நாள் கேக்கலையாமுங்க என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். எப்படிங்க சொல்லுவா, எல்சாவுக்கு நீங்க என்ன பண்ணுனீங்கன்னு பக்கத்துல நின்னு பாத்தவதானுங்களே அவ.

நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் நானே என் கையால் எழுதிவிடுகிறேன், அதுதான் எனக்குத் தண்டனை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், நீ காலேஜில் சேர்ந்த வருஷம், எல்சா புருஷனை விட்டு வந்துவிட்டாள். அவள் அப்போது பாடகர் குழுவில் உனக்குப் பக்கத்தில் நிற்பாள், உனக்கு மைக் முன்னால் மூச்சை எங்கே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே அவள்தான். ஞாயிறு முதல் வாசகம் அவள் வாசித்தால் பின் வரிசைக் குழந்தைகூடச் சத்தம் போடாது. கோயில் பங்குப் பேரவையில் நான்தான் எழுந்து, புருஷனோடு வாழாதவள் பீடப்படியில் நின்று இறைவார்த்தை வாசிப்பது பங்குக்கு அழகல்ல என்று சொன்னேன். அவளை ஏன் அடித்தான் என்று நான் கேட்கவில்லை. அடித்தானா என்றே கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வாசகர் பட்டியலில் அவள் பெயர் இல்லை, அவளும் ஒரு வார்த்தை கேட்காமல் பாடகர் குழுவிலிருந்தும் இறங்கிப் போய்க் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் நீ சாப்பிடவில்லை. தலைவலி என்றாய். நானும் தலைவலி என்றே நம்பி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

புதன்கிழமை, பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் நம் வீட்டு முறை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன், சொன்னால் மட்டும் வராமலா இருப்பார்கள் என்றாள் அம்மா. அவள் சொன்னபடியே, வழக்கமாக ஏழு குடும்பம் எட்டிப் பார்க்கிற இடத்தில் பதினாலு குடும்பம், உட்கார இடமில்லாமல் சமையல்கட்டு வரைக்கும் ஆட்கள். டீயோடு கொடுக்க வர்க்கி பத்தாமல் அம்மா ரொட்டி வாங்கி வரச் சொன்னாள். செபமாலை முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது, எல்லாரும் உனக்காக ஒவ்வொருத்தராக ஆரம்பித்தார்கள், எல்லாருமே நீ திரும்பிப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளை அடிச்சவனோட அவளைச் சேத்து வைக்கச் சொல்லி என் ஊட்ல யாரும் கேக்க வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். பாடகர் குழு டெனின் வாத்தியார்தான் சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டார், இல்லாவிட்டால் அப்படியே உட்கார்ந்திருப்போம். சொல்லிவிட்டேனே தவிர, இதே வாய் எல்சாவுக்கு ஒரு தடவை இதைச் சொல்லியிருந்தால் என்ன என்ற கேள்வி அந்தப் பாட்டு முடியும்வரை என்னை விடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது குன்னூரில் ஒரு ஸ்கூல் ஆபீசில் வேலை பார்க்கிறாள், ரயில் பாதைக்கு மேலே சின்ன வீடு, படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வாங்கண்ணா என்றாள். பதினோரு வருஷத்தில் நான் அவளிடம் பூசையில் சமாதானம் என்று கைகூப்பினதுகூட அந்தப் பெஞ்சுப் பக்கம் திரும்பாமல்தான். என்ன சொல்ல வேண்டும் என்று படி முழுக்கப் பாடம் பண்ணிக்கொண்டு போனேன், தப்புப் பண்ணிட்டேன் எல்சா என்று மட்டும் வந்தது. அவள் உடனே மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. டீ போடப் போனாள், அடுப்படியிலேயே ரொம்ப நேரம் இருந்தாள். டீயைக் கொடுத்துவிட்டு, நீங்க அன்னிக்குச் சொன்னது எனக்குப் பழகிப்போச்சுங்கண்ணா, ஆனா அடுத்த நாள் எங்கம்மா கோயிலுக்கு வரமாட்டேன்னுட்டாங்க, சாகிற வரைக்கும் வரவே இல்லை, அதை நான் எங்க போய் வெக்கிறதுங்க என்றாள். திரும்ப வாசிக்க வர வேண்டும் என்று கேட்டேன். பாக்கலாமுங்க என்றாள், வருகிறேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, ஈவ்லின் வந்தா அவளைக் கடைசி பெஞ்சுல மட்டும் உக்கார விட்றாதீங்கண்ணா, அந்தக் கதவுக் காத்து நேரா முதுகுல அடிக்கும், பாவம் புள்ளைக்கு ஆகாது என்றாள். படி இறங்கி ரயில் பாதையைத் தாண்டுகிறவரைக்கும் எனக்குக் கண் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பேரவையில் என் பழைய பேச்சு தப்பு என்று எழுந்து சொன்னேன். இரண்டு பெரியவர்கள் எதிர்த்தார்கள், நான் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். அதுவும் பிசகாமல். நானே கட்டின சுவர், நானே முட்டிக்கொண்டேன். சாமியார் யோசிப்போம் என்றிருக்கிறார். கருத்து வாசிக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன், யாரும் விடச் சொல்லவில்லை. இனிமேல் சீட்டுகளைச் சாமியார் முதலில் பார்த்து, அந்தரங்கமானவற்றைப் பீடத்தில் வைத்துவிட்டு மற்றதை மட்டும் வாசிக்கக் கொடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் இன்னும் எத்தனை வீட்டுக் கதையை நான் மைக்கில் படித்தேனோ. அம்மா இன்னும் செபமாலையில் நீங்கள் இரண்டு பேரும் சேர வேண்டும் என்றுதான் முணுமுணுக்கிறாள், அவளை மாற்ற எனக்கு அவகாசம் கொடு, அவளும் உன்னை நினைத்துத்தான் செய்கிறாள். நீ போக வேண்டாம் கண்ணு. அவன் மாலையோடு வந்து நின்றாலும், அவன் வீட்டார் இங்கே வந்து காலில் விழுந்தாலும், உனக்கு மனசில்லாமல் போக வேண்டாம். என் பேச்சுக்குப் பயந்து எட்டு மாதம் அந்தக் குளிரில் தனியாக இதைத் தூக்கிக்கொண்டு நடந்தாயே, அடி வாங்கின முதல் நாளே அப்பா என்று கூப்பிட முடியாதபடி உன்னை வைத்தேனே, அதற்கு உன் அப்பன் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். நீ உடனே மன்னிக்க வேண்டியதில்லை. எல்சாவும் இன்னும் மன்னிக்கவில்லை, டீ மட்டும் கொடுத்தாள்.

காதை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு, நர்ஸ் என்பதற்காக நீயே பார்த்துக்கொள்ளாதே. அறையில் தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு வடித்துச் சாப்பிடு. ஞாயிறு பூசைக்குப் போகிறாயோ இல்லையோ, அதை இனி நான் கேட்கமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வந்துவிடு. வருவாயா மாட்டாயா என்பதுதான் இப்போது எனக்கு ராவும் பகலும். யார் என்ன கேட்டாலும், என் மகள் வந்திருக்கிறாள் என்று ஒரே பதில் சொல்வேன், அதற்கு மேல் கேட்டால் அந்த ஒரே பதிலைக் கொஞ்சம் உரக்கச் சொல்வேன், என் குரலைத்தான் உனக்குத் தெரியுமே.

இரண்டு ஞாயிறாக நான் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறேன். எல்சா சொன்னது சரிதான், பிரசங்கம் முடிவதற்குள் முதுகு விறைத்துப் போகிறது, பதினோரு வருஷம் எப்படித்தான் உட்கார்ந்தாளோ. அவள் என்னோடு பேசுவதில்லை, போன வாரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நீ வந்து முன்னால் உன் அம்மா பக்கத்தில் உட்கார். எல்சாவோடுதான் உட்காருவேன் என்றால் உட்கார்ந்துகொள், நான் கதவோரம் இருந்துகொள்கிறேன், எனக்கு முதுகு அகலம்.

பரலோகத் தந்தையும் தேவமாதாவும் உனக்குத் துணையிருக்க, தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன். டிக்கெட் போட்டதும் அம்மாவுக்கு இல்லை, எனக்குப் போன் பண்ணு, நான் போனை அவளிடம் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. அம்புரோஸ்