மிதி, பிடி, காலை எடு

என் அன்பு மாப்ள கேசவா,

உன் ஜீப்புக்கு பிரேக் வந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைக் கேட்டு முடிக்கும்வரை உனக்கு இருப்புக் கொள்ளாது. பிரேக் எப்போது போனது என்று கேட்பாய். அதையும் சொல்கிறேன், பதறாதே. உன் மகள் நன்றாக இருக்கிறாள்.

நீ போனபிறகு வண்டி வில்லாபுரத்து வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது. உன் பத்மா அதை விற்கவும் இல்லை, தொடவும் இல்லை. ஹேமா கப்பலூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு பேட்டரி வாங்கிப் போட்டாள். லீவு நாளில் தெருவுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் சிறுமலைக்குக் கிளம்பிவிட்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடிப்பட்டிப் பக்கம், சர்வீஸ் ரோட்டில், ஆடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அறுப்பு முடிந்த வயலுக்குள் வண்டியை இறக்கி நிறுத்தியிருக்கிறாள். ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை. அங்கிருந்து எனக்குத்தான் போன்.

"மாமா, பிரேக் இல்ல. நான் நல்லாயிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

சொல்லாமல் எப்படி? சக்கரமெல்லாம் வயல் மண்ணோடு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால் பத்மாவுக்குத் தெரியாதா? அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. எல்லாம் உங்கள் சௌராஷ்டிரத்தில். இத்தனை வருஷம் உன் வீட்டில் சாப்பிட்டும் அந்த மொழியில் எனக்குச் சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர ஒன்றும் ஏறவில்லை. நீ இருந்தால் என் காதில் மொழிபெயர்த்துச் சொல்வாய், அதில் பாதி பொய்யாக இருக்கும். அன்றைக்கு அந்தப் பொய்க்குக்கூட ஆள் இல்லாமல், சுவரில் உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே குனிந்து பார்த்தோம். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து வெடித்திருந்தது. மற்ற பைப்புகளும் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தன. உன் பழைய வண்டியில்தான் ஒரு பைப் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாதே. எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும் என்று ஹேமா சொன்னாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு பத்மா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணே, ஒரு உதவி. இத சரி பண்ணவே முடியாதுன்னு அவகிட்ட சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவா."

"முடியும்ல பத்மா."

"தெரியும்ண்ணே. அதனாலதான் பொய் சொல்லச் சொல்றேன். அவரு கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான போனாரு? இவளயும் அப்படி வாசல்ல நின்னு அனுப்ப என்னால முடியாது."

நீ கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததற்கும் இந்த வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் பயம் கணக்குப் பார்த்தா வருகிறது? கணக்கு வாத்தியாராகவே காலம் தள்ளிய எனக்கே அது தெரியும். காபியைக் குடித்துவிட்டு, சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பழைய பைப்புகளைக் கழற்றி, அதே வளைவு, அதே நீளத்தில் கப்பலூரில் ஒரு பட்டறையில் புதுசாகச் செய்து கொண்டுவந்தாள் உன் மகள். சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும் ரப்பர் ஹோஸும் புதுசு. எல்லாவற்றையும் அவளே மாட்டி முடுக்கினாள். ஏர் எடுக்கும் வேலைதான் பாக்கி. பைப்புக்குள் கொஞ்சம் காற்று நின்றாலும் பிரேக் பிடிக்காது அல்லவா? அதற்கு ஒருத்தர் கீழே, ஒருத்தர் மேலே வேண்டும். நீ கீழே படுத்து நட்டைத் திறப்பாய், நான் மேலே உட்கார்ந்து மிதிப்பேன். உன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: மிதி, மிதி, பிடி, காலை எடு.

"நான் கீழ படுத்துக்கிறேன். நீங்க ஏறி உக்காருங்க மாமா" என்றாள் ஹேமா. பத்மா வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பொய்யைச் சொல்ல அதுதான் கடைசி நேரம்.

சொன்னேன் மாப்ள. ஆனால் வேறு பொய். "எனக்கு முழங்கால் மடங்கவே மாட்டேங்குது. பத்மா, நீ ஏறி மிதி. நான் பிரேக் ஆயில் ஊத்துறேன்" என்றேன். முழங்கால் வலி பாதி நிஜம்தான், மீதி நடிப்பு. பத்மா முறைத்த முறைப்பில் நான் ஆயில் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனாலும் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

கீழேயிருந்து உன் மகள் உன்னை மாதிரியே கத்தினாள். அந்த வார்த்தைகளை உன்னிடம் தமிழில்தானே கேட்டு வளர்ந்தாள்! எனக்காகத் தமிழில் கத்தினாய் நீ. அன்றைக்கு அம்மாவும் மகளும் பேசியது ஒன்று விடாமல் எனக்குப் புரிந்தது.

"மிதிம்மா. மிதி. இப்பப் பிடி."

பத்மா பிடித்தாள். ஹேமா நட்டைத் திறந்தாள். ஆயில் தெறித்து முகத்தில் விழ, "அய்யோ!" என்று அலறினாள். அவ்வளவுதான், பத்மா காலை எடுத்துவிட்டுக் கீழே குதித்துவிட்டாள். காற்று திரும்ப உள்ளே போய்விட்டது. முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஹேமா முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நான் கத்துனாலும் நீ காலை எடுக்கக்கூடாது. நான் சொல்லும்போது மட்டும்தான் எடுக்கணும்."

"நீ கத்துவ, நான் பேசாம உக்காந்திருக்கணுமா?"

"ஆமாம்மா. அப்பத்தான் பிரேக் பிடிக்கும்."

பத்மா மறுபடி ஏறினாள். அடுத்த சக்கரத்திலும் ஆயில் தெறித்தது, ஹேமாவும் கத்தினாள். இந்தத் தடவை பத்மா காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அழுதுகொண்டே மிதித்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு, ஆயிலைத் தரையில் கொட்டிவிட்டேன். நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

நாலு சக்கரமும் முடிந்து கடைசியாக மிதித்தபோது பெடல் பாதியிலேயே நின்றது. பத்மா நம்பாமல் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தாள்.

"அண்ணே, கல்லு மாதிரி நிக்கிது."

பிறகு அவளே இறங்கி, சுற்றி வந்து, இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நீ எம்புட்டுக் கூப்பிட்டும், இடுப்பு ஒடிந்துவிடும் என்று ஏற மறுத்த அதே சீட்டு! "ரிங் ரோடு வரைக்கும் போவோம். நான் சொல்ற இடத்துலயெல்லாம் நிறுத்தணும்" என்றாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

தெருமுனையில் "நிறுத்து" என்றாள். நின்றது. டீக்கடையில் நிறுத்து, கோவில் வாசலில் நிறுத்து, தூரத்தில் படுத்திருந்த நாய்க்கு ஒரு நிறுத்து. வில்லாபுரமே வேடிக்கை பார்த்தது. ஹேமா முகம் சுளிக்காமல் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் பத்மாவின் வலது கால், அங்கே பெடலே இல்லாத வெறும் தகரத்தை அழுத்தி மிதித்தது. பின்சீட்டிலிருந்து நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரிங் ரோடு ஏறியதும் பத்மா "நிறுத்து" என்பதை விட்டுவிட்டாள். ஹேமா மூன்றாவது கியர் போட்டாள். காற்று அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் எட்டிப் பார்த்தேன். பத்மா இரண்டு காலையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வருகிற ஞாயிறு மூன்று பேரும் சிறுமலைக்குப் போகிறோம், மாப்ள. இனி வருஷா வருஷம் மழை முடிந்ததும் அந்தப் பைப்புகளைப் படுத்துப் பார்ப்பது என் பொறுப்பு. நீ கவலைப்படாதே. ஏர் எடுக்கும் அன்றைக்கு மட்டும் எனக்கு முழங்கால் மடங்காது.

என்றும் உன் மாப்ள,
சேகர்