ஒட்டிப் போட்ட கட்டில்

செங்டு, சீனா, ஞாயிறு

அன்புள்ள ஹென்னிங்,

நீ நலமா? நம் குட்டிப் பெண் டூவாவுக்குச் சளி விட்டதா? நீ விடுப்பெடுத்து அவளைப் பார்த்துக்கொள்ளும் தெம்பில்தான் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மரச்சாமான் கடையில் நான் அமைத்த மாதிரிக் குழந்தை அறையை, வருகிறவர்கள் படம் பிடிக்கிறார்களே தவிர, யாரும் கட்டில் வாங்கவில்லை. விற்பனை ஏறும்வரை என்னை ஸ்வீடனுக்கு அனுப்ப மாட்டார்கள். அதனால் நேற்று, உடன் வேலை செய்யும் ஷுஃபென் என்னை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அறையின் படத்தைக் காட்டியதும் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள்.

"ரெண்டு வயசுப் பிள்ளையத் தனியாப் போட்டுக் கதவ மூடுவீங்களா? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

"இதத்தான் நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!" என்றாள் ஷுஃபென்.

நானும் சிரித்துவைத்தேன். இன்று காலை கடையில் குழந்தை அறைக்கும் பெற்றோர் அறைக்கும் நடுவே இருந்த தடுப்பை எடுத்துவிட்டு, குழந்தைக் கட்டிலைப் பெரிய கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். மாலைக்குள் பதினொரு கட்டில்கள் போயின. மே மாதம் என்னை அனுப்புவது பற்றி யோசிப்பதாக மேலாளர் சொன்னார். யோசிப்பாராம்! அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு வேலை செய். டூவாவின் கட்டிலைக் கழற்றி, நம் அறையில் நான் படுக்கும் பக்கமாக மாட்டிவிடு. திருகும் சாவி சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. என் பழைய ஸ்வெட்டரையும் அதில் போட்டுவை. நான் வந்து படுக்கும்போது யாரோ என்று அவள் அழக்கூடாது.

விடிந்தால் வேலை, நிறுத்துகிறேன்.

உன் சிக்னே