வட்டிப் பாடத்தில் விழுந்த அடி

அன்பு மருமகளுக்கு,

இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா? கந்துவட்டி எப்படிக் குட்டி போடுகிறது என்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாய். அவர்கள் அதை வீட்டில் போய்ச் சொன்னார்கள். வட்டிக்காரன் மாலையோடா வருவான்? ஆட்களோடும் இரும்புக் கம்பியோடும் வகுப்புக்குள்ளேயே வந்தான்.

"என் பொழப்புல மண்ணையா போடுற டீச்சர்?" என்று உன் கையை முறித்தான். கரும்பலகையெல்லாம் ரத்தம். நீ மயங்கிவிட்டாய்.

உனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நான் தனியாளாகப் பாய்ந்து மூன்று பேரின் பல்லை உதிர்த்த கதையை ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னேன். பிள்ளைகள் தெறித்து ஓடிவிட்டதாக உன்னிடமும் சொன்னேன். நர்ஸ் எனக்கு இன்னொரு காபி கொடுத்தாள்.

"விட்டுட்டு ஓடின பிள்ளைங்களுக்கு நான் எதுக்கு?" என்று வேலையை விடப்போகிறாயாம். உன் அம்மா அழுகிறாள்.

விடாதே. கடைசி பெஞ்சு வாயாடி வட்டிக்காரன் மணிக்கட்டைக் கடித்துக் கம்பியைப் பிடுங்கினாள். மற்றவர்கள் பெஞ்சைத் தூக்கி அவன் ஆட்களின் முழங்காலை உடைத்தார்கள். பிறகு அந்த வாயாடி மேசைக்கடியில் குனிந்து, "தாத்தா, வெளிய வாங்க, அவங்க போயிட்டாங்க" என்றாள்.

நான் பல்லை உதிர்த்ததும் பிள்ளைகள் ஓடியதும் நான் கட்டிவிட்ட கதை. ஓடப் பார்த்தவன் நான்தான், கால் வரவில்லை.

உன் தாய்மாமன்