தடுத்தாளா, அனுப்பினாளா?

என் எஸ்தருக்கு,

நேற்று எம்.ஏ. வாய்மொழித் தேர்வு முடிந்தது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்தப் பழைய ஆங்கில நாவலில் நாம் சண்டை போட்ட ஒன்பது வரி வாக்கியம் நினைவிருக்கிறதா? கப்பலேறத் துடிக்கும் மகனைப் பற்றித் தாய் ஊராரிடம் சொல்கிறாள்: 'யாரும் அவனை லெட் பண்ணக் கூடாது.' லெட் என்றால் விடுவது, ஆகவே தாய் தடுக்கிறாள் என்றேன். "இல்லடி, அனுப்புறா. முன்னாடி பின்னாடி சேத்துப் படி" என்றாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை, கல்லூரிக்கு வரும் வழியில் உன் ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது.

உன்னை அடக்கம் செய்த மறுவாரம் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். நீ சொன்னதுதான் சரி. யாரிடம் போய்ச் சொல்வேன்?

நேற்று வெளியூர்த் தேர்வாளர் அதே பக்கத்தை விரித்தார்.

"தாய் என்ன செய்யறாங்க?"

"அனுப்பி வைக்கறாங்க சார்."

"லெட்னா அனுமதிக்கறதுதானே? அப்போ விடாதீங்கன்னுதானே வரும்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் பேராசிரியை தலை குனிந்துகொண்டார். 'ஆமாம் சார்' என்றிருந்தால் தப்பித்திருப்பேன்.

"அந்தக் காலத்துல தடுக்கறதுன்னும் அதுக்கு அர்த்தம் உண்டு சார். இங்க அதுதான். யாரும் அவனைத் தடுக்காதீங்கன்னு சொல்றாங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழு வாக்கியத்தையும் முணுமுணுத்துப் படித்தார்.

"சரிதான். நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல சார். என் சிநேகிதி எஸ்தர். இப்ப அவ இல்ல."

திரும்பும்போது உங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் இறங்கி உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது அந்த மகனைப் பற்றித்தான்.

"அந்தப் புள்ள திரும்பி வந்தானா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "வர்லம்மா."

"அந்தம்மாவ யார்னா திட்னாங்களா?"

"இல்லம்மா. யாருமே திட்டல."

"மழையா கீது, போவலன்னுச்சி. பரீட்ச கீதே, போம்மான்னு நாந்தான் அனுப்ச்சேன் வனஜா." இத்தனை மாதமாக அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லையாம். சொல்லிவிட்டு, உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தேன்.

கிளம்பும்போது, "அந்தம்மா அப்பறம் இன்னா பண்ணா?" என்று கேட்டார்கள். ஞாயிறுதோறும் போய், அந்த நாவலை ஒரு வரி விடாமல் தமிழில் சொல்வேன் எஸ்தர். புரியாத இடம் வந்தால் புரியவில்லை என்றே சொல்வேன். இது சத்தியம்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகளாகிவிட்ட,
வனஜா