தலையணைப் புத்தகமும் நானூறு கேள்விகளும்

9 ஜூலை 2007, திங்கள்

காலை பத்து மணிக்கு எடைமேடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் சிப்காட் ரோடு வரை நின்றன. நான் போய் மூலையிலிருந்த ஸ்விட்ச் பெட்டியின் வயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகினேன். உயிர் வந்துவிட்டது. டிரைவர்கள் கை தட்டினார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன்.

சிஸ்டம்ஸ் மேனேஜர் தானியேல் சார் மட்டும் கை தட்டவில்லை. "ஏன் நின்னுச்சு, இப்ப ஏன் ஓடுதுன்னு தெரியுமா மெஹர்னிசா?"

"ஓடுது இல்ல சார்?" என்றேன். ஆறு வருட சர்வீஸில் இதுதான் என் மொத்தக் கல்வி.

சாயங்காலம் என்னையும் துளசிராமனையும் கூப்பிட்டார். ஜனவரியில் புது யூனிட் வருகிறது. எங்களில் யார் முதலில் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் பரீட்சை பாஸ் பண்ணுகிறாரோ அவருக்கு அந்த நெட்வொர்க் பொறுப்பு. ஒரே நாற்காலி. ரெண்டு பேரும் பாஸ் பண்ணாவிட்டால் சென்னையிலிருந்து வெளியாள். "அப்புறம் நீங்க ரெண்டு பேரும் பிரிண்டருக்கு மை ஊத்திக்கிட்டே ரிடையர் ஆகலாம்."

துளசி என்னைவிட நாலு வயது சின்னவன். வெளியே வந்ததும் சொன்னான்: "மை ஊத்தறதுல நீங்கதாங்கா எக்ஸ்பர்ட்டு. அத்த நான் கெடுக்க மாட்டேன்."

15 ஜூலை, ஞாயிறு

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன், பழைய புத்தகக் கடைக்கு. கடைக்காரர் சிசிஎன்ஏ புத்தகம் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று ஒல்லி. ஒன்று பின்னட்டையில் சிடி ஒட்டியது. ஒன்று தலையணை. எதை எடுப்பது? எனக்கு மூன்றுமே ஒரே மாதிரிதான் புரியவில்லை.

பொன்னேரி பஜாரில் பிளாஸ்டிக் குடம் விற்கிறவரைத் துணைக்குக் கூட்டிப்போனால் என்ன நடக்கும்? டிரம்மைத் தட்டிப் பார்ப்பதுபோல மூன்று அட்டையையும் விரலால் தட்டினார். "இதாம்மா கெட்டி" என்று தலையணையை எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கினேன்! இதைப் படிக்கிற யாரும் என்னைத் திட்டலாம். படிக்கப்போவது நான் ஒருத்திதான்.

ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதிரில் இருந்தவர் சட்டப் புத்தகமா என்று கேட்டார். "ஆமா பாய். நம்ம ஊட்ல ஜட்ஜு ஆகப்போறாங்க."

23 ஜூலை, திங்கள்

காலை ரயிலில் கவரைப்பேட்டையில் துளசி ஏறினான். அவனிடம் புத்தகம் இல்லை. ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. நானூறு கேள்வி, நானூறு விடை. பரீட்சையில் இதிலிருந்துதான் வருமாம். யாரோ சிநேகிதன் கொடுத்தானாம்.

"அர்த்தம்லாம் வாணாங்கா. ஏ-வா பி-யான்னு மனப்பாடம் பண்ணாப் போதும். நீங்க அத்தத் தூக்கினு அலையறதுக்குள்ள நான் பாஸ் பண்ணி கல்யாணமே பண்ணிக்குவேன்."

முதுகு வலிக்கிறது. அவன் சொன்னதனால் அல்ல.

5 ஆகஸ்ட்

ஐபிஎக்ஸ் என்று ஒரு நெட்வொர்க் முறை, அந்த அத்தியாயத்தை முடித்தேன். எழுபது பக்கம். எனக்கு நானே ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

பிரவுசிங் சென்டரில் பாடத்திட்டத்தைத் தேடிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

என் தலையணை ஏழு வருடப் பழசு. ஐபிஎக்ஸைப் பரீட்சையிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டு எதையெல்லாம் சேர்த்தார்களோ அதில் ஒன்றுகூட என் புத்தகத்தில் இல்லை. போதாததற்கு இப்போதிருக்கும் பரீட்சையும் நவம்பர் 6 வரைக்கும்தான். அதன் பிறகு வேறே பரீட்சை, வேறே பாடம்.

எழுபது பக்கம்! அட்டவணை போட்டு, கலர் பென்சில்ல கோடு இழுத்து, மாமியார் பாத்து "இன்னாம்மா கோலம்?"னு கேக்குற அளவுக்குப் படிச்சேனே. யாருக்காக? செத்துப்போன பாடத்துக்கு. முப்பது வயசுல எனக்கு இது தேவையா? அட்டையத் தட்டிப் பாத்து வாங்குனவளுக்கு இதான் கதி.

இவர் புத்தகத்தை மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

16 ஆகஸ்ட், வியாழன்

மானத்தை விட்டு துளசியிடம் கேட்டேன். பெருந்தன்மையோடு நானூறையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். விடுபட்ட பாடங்களுக்குத் தானியேல் சார் ஒரு புத்தகம் இரவல் கொடுத்தார். ஆக என்னிடம் இப்போது மூன்று சாமான். மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை.

29 ஆகஸ்ட், புதன்

கண்டுபிடித்தேன்! ஜெராக்ஸில் 61-ஆம் கேள்வி: புது ரவுட்டரில் கேபிளைச் செருகினால் போர்ட் தானாக வேலை செய்யும். 212-ஆம் கேள்வி: கட்டளை கொடுத்துத் திறக்கும்வரை போர்ட் மூடியே இருக்கும். ஒரே கேள்வி, ரெண்டு விடை. துளசி ரெண்டையும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான். புத்தகத்தோடு ஒப்பிட்டால் 212 சரி.

எல்லாவற்றையும் ஒப்பிட ஆரம்பித்திருக்கிறேன். நூறு கேள்விக்குப் பதினெட்டு தப்பு.

அவனிடம் சொல்ல வேண்டுமா? ஒரே நாற்காலிதானே?

சொல்லவில்லை.

14 செப்டம்பர், வெள்ளி

முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டுப் படிப்பது நன்றாக ஓடுகிறது. மொத்தத் தப்பு அறுபத்தேழு. ரயிலில் துளசி கண்ணை மூடிக்கொண்டு 61-ஐ ஒப்பித்தான். நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். இவ்வளவு அக்கறையாக நான் நெல் வயலைப் பார்த்ததே இல்லை.

பொய் சொன்னால் நோன்பின் நன்மை போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால்? இவரிடம் கேட்டேன். "பசில இருக்கச் சொல்ல கஷ்டமான கேள்வி கேக்காத மெஹரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கே தெரிஞ்சுதான கேக்கற?" என்றார்.

19 செப்டம்பர், புதன்

சொல்லிவிட்டேன். அறுபத்தேழையும் பட்டியல் போட்டுக் கையில் கொடுத்தேன்.

அவன் நம்பவில்லை. "பரீட்ச நேரத்துல ஆளக் கொழப்பி உடறீங்களே, நல்லா இருக்கா அக்கா? நோன்பு வேற வெச்சினு."

மூஞ்சி சுருங்கிப்போச்சு எனக்கு. நல்லது சொல்லப் போனா இதான். போடா, நாசமாப் போ — இல்லை, நோன்பு. அந்த வரியை அடித்துவிட்டேன்.

22 செப்டம்பர், சனி

ஹெட் ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட ரெண்டு ரவுட்டர் ஸ்டோர் ரூமில் கிடந்தது. தானியேல் சாரிடம் சாவி வாங்கி, துளசியை அழைத்துக்கொண்டு போனேன். வேண்டா வெறுப்பாக வந்தான். பழைய செட்டிங் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கேபிளை அவன் கையாலேயே செருகச் சொன்னேன். விளக்கு எரியவில்லை. பிடுங்கிச் செருகினான். எரியவில்லை. வேறு கேபிள். ஊஹூம். நான் ஒரு வரி டைப் அடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

நெடுநேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேஜாராப் போச்சே... மிச்சம் அறுபத்தாறும் இப்பிடித்தானா?"

"ஆமாம்பா."

"எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?" கேலியே இல்லாத குரல். அவனிடம் இப்படி ஒரு குரல் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

14 அக்டோபர், ஞாயிறு

பெருநாள். துளசி வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டான். மூன்று தட்டு. நடுவில் சப்நெட் கணக்கில் சந்தேகம் கேட்டான். "சோறு எறங்கட்டும், விடுப்பா" என்று இவர் கெஞ்சினார்.

26 அக்டோபர், வெள்ளி

துளசி பாஸ். 873. தெரிந்தே என்னைவிட ஒரு வாரம் முந்தித் தேதி வாங்கியிருக்கிறான். அதில் தப்பு என்ன? நான்தானே மெதுவாக வாங்கினேன்.

போனில் கத்தினான்: "அக்கா, உங்களாலதாங்கா!" வாழ்த்து சொன்னேன். குரல் சரியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

2 நவம்பர், வெள்ளி

824. வேண்டியது 849.

ரவுட்டரில் கட்டளை அடித்துக் காட்டுகிற கேள்வி ஒன்று. ஓர் எழுத்துப் பிழையைத் தேடி நாற்பது நிமிஷம் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பத்து கேள்வியைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அவனுக்கு ஸ்டோர் ரூம்ல நின்னு நின்னு சொல்லிக் குடுத்தேன் — "நேரத்தப் பாத்துக்கோப்பா, ஒண்ணுலயே மாட்டிக்காத"ன்னு. எனக்கு யாரு சொன்னாங்க?

ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். பரீட்சை ஆறாம் தேதியே போய்விடும்.

இவர் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

5 நவம்பர்

நாற்காலி துளசிக்கு. தானியேல் சார் சொன்னார். பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. ஊற்றினேன்.

11 நவம்பர், ஞாயிறு

மறுபடி புத்தகக் கடை. இந்த முறை இவரை வாசலிலேயே நிறுத்தினேன். முதலில் பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பக்கத்தில் வைத்துப் பொருளடக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன். புதுப் பரீட்சைக்கென்றே வந்த நடுத்தரப் புத்தகம். அட்டை சுமார்தான்.

"தட்டிப் பாத்தியா?" என்று வாசலிலிருந்து கேட்டார். அப்பாடா, கிண்டல் திரும்பி வந்துவிட்டது.

3 டிசம்பர், திங்கள்

தினமும் மதியம் அரை மணி ஸ்டோர் ரூம். துளசி புது யூனிட்டிலிருந்து ஓடிவந்து, நான் பார்க்காதபோது ஏதாவது ஒரு செட்டிங்கைக் கெடுத்துவிட்டு, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "எட்டு நிமிஷம். அதுக்கு மேல போனா நான் ஃபெயில் போட்ருவேன்." போன வாரம் பதினாறு நிமிஷம். இன்றைக்கு ஏழு.

27 டிசம்பர், வியாழன்

894.

இவர் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிட்டு வந்தார். "இருவத்தொரு மார்க்கு அவனவிட ஜாஸ்தி" என்று பஜார் முழுக்கச் சொல்லியிருக்கிறார். 873 எனக்குத்தான் மறக்காது என்று நினைத்தேன்.

7 ஜனவரி 2008, திங்கள்

தானியேல் சார் கை கொடுத்தார். ரெண்டாவது நாற்காலி இல்லை என்றார். தெரிந்ததுதான். ஆனாலும் வலித்தது.

மதியம் துளசி ஒரு பேப்பர் கட்டிங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எங்களுக்கு எதிர்ச் சாரியில் இருக்கும் கண்ணாடிக் கம்பெனியில் நெட்வொர்க்குக்கு ஆள் கேட்கிறார்கள். "இன்னிக்கே போடுங்கா. நான் முந்தினதுக்கு நீங்க ஒண்ணுமே கேக்கல. கேட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்."

"பிரியாணி மூணு தட்டு சாப்ட்டல்ல, அதுக்கே நான் இன்னும் கேக்கல" என்றேன். சிரித்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

18 பிப்ரவரி, திங்கள்

கண்ணாடிக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரம். சர்வர் ரூமில் ஏசி அதிகம், ஸ்வெட்டர் கொண்டுவர வேண்டும். என் கீழே ரெண்டு பேர். ரெண்டு பேரும் என்னை மேடம் என்கிறார்கள். திரும்பிப் பார்க்க இன்னும் பழகவில்லை.

பதினொரு மணிக்குத் துளசியின் போன். புது யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லையாம். தூசியில் தும்மிக்கொண்டே பேசினான்.

"அக்கா, அங்க கேன்டீன் எப்பிடி?"

"நல்லாருக்குப்பா."

"ஞாயித்துக்கெழம லீவா?"

"லீவு."

இன்னொரு தும்மல். பிறகு மெதுவாக:

"எதுனா வேகன்சி இருக்குதா?"

பயோடேட்டாவை அனுப்பச் சொன்னேன்.